‘வீட்டில செய்தது’ எண்டால், ஆர் செய்தது?

சித்திரை வருசம் வரப்போகுது எண்டால் இரண்டு மூன்று கிழமைக்கு முன்னமே பேஸ்புக்கில் ஒரு அறிவுரை சுற்றத் தொடங்கிவிடும். தீபாவளிக்கும் அதே அறிவுரை, நத்தாருக்கும் அதே அறிவுரை. “கடையில வாங்கிக் குடுக்காதேங்கோ. குடும்பமாச் சேர்ந்து வீட்டிலயே பலகாரம் செய்து சொந்தபந்தத்துக்கும் அயலட்டைக்கும் குடுங்கோ. அதுதான் எங்கட பண்பாடு.” படத்தில் ஓலைப்பெட்டி நிறையப் பயத்தம் பணியாரம் இருக்கும். கீழே இதயக்குறிகள் வரிசையாக விழும்.

இந்த அறிவுரையில் எங்களுக்கு ஒரு சொற்றொடரோடுதான் சண்டை: ‘குடும்பமாச் சேர்ந்து’.

எங்கள் குழுவில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றன், கொழும்பு என்று நாலு பக்கத்து ஆக்களும் இருக்கிறோம். சைவ வீடுகளும் இருக்கு, கிறிஸ்தவ வீடுகளும் இருக்கு. பண்டிகைக்குக் குடுக்கிற பலகாரத்தை உங்கட வீட்டில் ஆர் செய்யிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டுப் பார்த்தோம். எல்லாரும் முதலில் சொன்னது “எல்லாரும் சேர்ந்துதான்”. பிறகு ஒவ்வொரு வேலையாகப் பிரித்துக் கேட்டோம். ‘எல்லாரும்’ கரைந்து கரைந்து அம்மா, அம்மம்மா, சித்தி, அக்கா என்று நின்றது.

அந்த வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். பயத்தம் பணியாரத்தை எடுங்கள். பயறை வறுக்க வேண்டும். உடைத்துச் சுளகில் போட்டுக் கோது நீக்க வேண்டும். திரித்து அரிக்க வேண்டும். அரிசி மாவைத் தனியாக வறுக்க வேண்டும். தேங்காய் துருவி அந்தப் பூவையும் சிவக்க வறுக்க வேண்டும், கொஞ்சம் கவனம் தப்பினால் கருகிவிடும். மிளகு, சீரகம், ஏலக்காய் இடிக்க வேண்டும். பாகு காய்ச்ச வேண்டும். பாகு விட்டுக் குழைத்த மா ஆற முதல் உருண்டை பிடிக்க வேண்டும். ஆறினால் உதிர்ந்துபோகும், அதனால் சுடச்சுடப் பிடிக்கிற உள்ளங்கை சிவந்துபோகும். பிறகு தேங்காய்ப்பால் விட்டுக் கரைத்த மாவில் தோய்த்துப் பொரிக்க வேண்டும். பொரித்து முடிந்தபிறகு தாச்சி கழுவ வேண்டும், குசினி முழுக்கப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும்.

இது ஒரு பலகாரம். அரியதரத்துக்கு அரிசி ஊறப்போட்டு, வடித்து, இடித்து, அரித்து, பாகோடு குழைத்து, ஓர் இரவு வைத்துத்தான் பொரிக்கலாம். நத்தார் கேக் என்றால் முந்திரிகை வற்றல், பூசணித் தோசி, கஜு எல்லாவற்றையும் பொடிப்பொடியாக வெட்டி, நாள்கணக்கில் ஊறவைத்து, கடைசியில் ஒவ்வொரு துண்டாகத் தாளில் சுற்ற வேண்டும். முறுக்கு, சிப்பி, பால்ரொட்டி எல்லாம் இதற்கு மேல்.

இதில் ஆம்பிளையளின் பங்கு என்ன? சீனி வாங்கிக்கொண்டு வருவது. மில்லுக்கு மூட்டையைக் கொண்டுபோவது. மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கொண்டுபோய்க் குடுப்பது. சுடச்சுட ஒன்றை எடுத்து வாயில் போட்டு “உப்புக் கொஞ்சம் காணாது” என்பது. மிச்ச நேரம் விறாந்தையில் ரீவி. எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. தேங்காய் துருவுகிற அப்பாவும், முறுக்கு உரல் பிழிகிற அண்ணாவும் எங்கள் குழுவிலேயே இரண்டு வீட்டில் இருக்கினம். ஆனால் அவர்கள் துருவுவது ஊருக்கே செய்தி. “எவ்வளவு நல்ல மனுசன், மனிசிக்கு உதவி செய்யிறார்” என்று சனம் கதைக்கும். அவர் செய்தால் உதவி. அவ செய்தால் அது சும்மா இருக்கிறது மாதிரி.

கையால் செய்கிற வேலை மட்டும் என்றால்கூட இவ்வளவு கோபம் வராது. இதற்குள் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேலை இருக்கிறது. கலைப்பீடத்தில் படிக்கிறவர்கள் மார்செல் மோஸின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அன்பளிப்பில் கொடுப்பது, பெற்றுக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது என்று மூன்று கடமைகள் இருக்கின்றன என்று 1925இல் எழுதியவர். எங்கள் அம்மம்மாமாருக்கு இதை மோஸ் வந்து சொல்லத் தேவையில்லை. பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்த கோப்பையை வெறுங்கோப்பையாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி, அந்தக் கணக்கை ஆர் மனதில் வைத்திருக்கிறார் என்பதுதான். போன வருசம் மாமி வீட்டிலிருந்து எத்தனை வகை வந்தது? ஆருக்குச் சீனி வருத்தம், ஆருக்குச் சீனி போடாமல் தனியாகச் செய்ய வேண்டும்? வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற முஸ்லிம் வீட்டிலிருந்து பெருநாளுக்கு வட்டிலப்பம் வந்ததே, அவர்களுக்கு எந்தப் பெட்டி? எந்த வீட்டில் இந்த வருசம் சாவு? செத்த வீட்டில் அந்த வருசம் எண்ணெய்ச்சட்டி வைக்கமாட்டினம். அயலும் உறவும்தான் அவர்களுக்குப் பலகாரம் கொண்டுபோக வேண்டும். அதை மறந்தால் பெரிய மனத்தாங்கல். இந்தப் பட்டியல் எந்தக் கொப்பியிலும் எழுதி வைக்கப்படுவதில்லை. அது ஒரு பெண்ணின் தலைக்குள் இருக்கிறது. மறந்தால் பழியும் அவவுக்குத்தான், “அவவுக்குச் சபை சந்தி தெரியாது” என்று.

அமெரிக்க மானிடவியலாளர் மிக்காயிலா டி லியோனார்டோ 1987இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கலிபோர்னியாவில் இருந்த இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்களைப் பார்த்து, பண்டிகை வாழ்த்து அனுப்புவது, பரிசு தெரிவது, விருந்து ஒழுங்கு செய்வது எல்லாம் ஒரு வேலை என்றும், அதைச் செய்பவர்கள் பெண்கள் என்றும், அது நின்றால் வீடுகளுக்கு இடையிலான உறவே தேய்ந்துவிடும் என்றும் சொன்னார். உறவைக் கட்டிக்காக்கிற வேலை. கலிபோர்னியாவில் வாழ்த்து அட்டை, கைதடியில் அரியதரம், அவ்வளவுதான் வித்தியாசம். ‘எங்கட சனம் ஒற்றுமையான சனம்’ என்று மேடையில் பேசுகிறார்களே, அந்த ஒற்றுமையின் பெரும்பங்கை ஒரு ஓலைப்பெட்டிக்குள் வைத்து வீடு வீடாக அனுப்பிக்கொண்டிருந்தது இந்தப் பெண்கள்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: “அது அவையின்ர சந்தோசம். அம்மாவை நிப்பாட்டச் சொன்னாலும் நிப்பாட்ட மாட்டா.”

உண்மைதான், சந்தோசமும் இருக்கு. நாலு பெண்கள் சுற்றி இருந்து உருண்டை பிடிக்கிற இடத்தில் நடக்கிற கதையும் சிரிப்பும் வேறெங்கும் கிடைக்காது. வாழ்நாள் முழுக்கப் பழகிய கைக்கு அதில் ஒரு பெருமையும் இருக்கு. அதை நாங்கள் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் ஒன்று சந்தோசமா கட்டாயமா என்று கண்டுபிடிக்கச் சுகமான வழி ஒன்று இருக்கிறது: “இந்த முறை ஏலாது, நான் செய்யேல்லை” என்று அவ சொல்லிப் பார்க்கட்டும். முழங்கால் நோவோடு இருக்கிற அம்மா அப்படிச் சொன்னால் வீடு எப்படி மாறும்? “அப்ப நாங்கள் செய்யிறம்” என்று ஆராவது எழும்புவார்களா, இல்லை “இந்த வருசம் வருசம் மாதிரியே இல்லை” என்று முகம் தொங்குமா? எங்களில் பெரும்பாலானோரின் வீட்டில் இரண்டாவதுதான். வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒன்றை விருப்பம் என்று எப்படிச் சொல்வது?

2022 ஞாபகம் இருக்கா? ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. இரண்டு நாள் கழித்துச் சித்திரை வருசம். காஸ் சிலிண்டருக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. அந்த வருசம் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் வரைக்கும் போனது. அந்த நிலைமையிலும் பல வீடுகளில் ஒரு சின்னப் பெட்டியாவது அயலுக்குப் போனது. அதை ‘எங்கட சனத்தின்ர மனவுறுதி’ என்று பாராட்டி எழுதினார்கள். வரிசையில் நின்று கொண்டுவந்த கொஞ்ச எண்ணெயை அளந்து பிரித்து, விறகு அடுப்புப் புகைக்குள் இருந்து அந்தப் பெட்டியை நிரப்பினது ஆர் என்று எழுதினவர்கள் குறைவு.

இனிக் காசுக்கு வருவோம், ஏனென்றால் இதில் உண்மையாகவே அடிபடுவது அங்கேதான்.

வடக்கிலும் கிழக்கிலும் இப்போது ஏராளமான பெண்கள் வீட்டில் பலகாரம் செய்து விற்கிறார்கள். போரில் துணையை இழந்தவர்கள், நுண்கடன் கட்டுகிறவர்கள், வேறு வேலைக்குப் போக வழியில்லாதவர்கள். வட்ஸ்அப்பில் ஓடர் எடுப்பார்கள். பண்டிகைக் காலத்தில் கனடாவுக்கும் லண்டனுக்கும் போகிற பார்சல்களில் பெரும்பங்கு இவர்களின் கையால் வந்தது. இவர்களிடம் விலை கேட்கிறவர்கள் சொல்கிற ஒரு வசனம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: “வீட்டிலதானே செய்யிறீங்கள், ஏன் இவ்வளவு விலை?”

இந்த வசனத்தை நிதானமாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கடையில் செய்தால் வாடகை இருக்கு, மின்சாரம் இருக்கு, ஆள்கூலி இருக்கு, அதனால் விலை இருக்கு. வீட்டில் செய்தால்? வீட்டில் இருக்கிற பெண்ணின் நேரத்துக்கு விலை இல்லை என்று எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கியிருக்கினம். எங்கள் அம்மா சும்மா செய்கிறா, அப்ப இந்த அக்காவும் கிட்டத்தட்டச் சும்மாதானே செய்ய வேண்டும்? அந்த அக்காவே தன்னுடைய கணக்கில் அரிசி, பயறு, சீனி, எண்ணெய், விறகு வரைக்கும் போடுவா. விடிய நாலு மணியிலிருந்து அடுப்படியில் நின்ற நேரத்தைப் போடமாட்டா. போட்டால் ஓடர் வராது என்று அவவுக்குத் தெரியும். விமான நிலையத்தில் சொக்லட் பெட்டி வாங்குகிறபோது எவரும் பேரம் பேசுவதில்லை. பேரம் எல்லாம் பயத்தம் பணியாரத்தோடுதான்.

‘வீட்டில செய்தது’ என்ற சொல் பாராட்டாக ஒலித்துக்கொண்டே விலையைக் குறைக்கிற சொல்லாகவும் இருக்கிறது. வீட்டுக்குள் அந்த உழைப்பைக் கணக்கெடுக்காத வரைக்கும் வெளியில் அதற்குக் கூலி வராது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் இந்த நாட்டில் முதன்முறையாக நேரப் பயன்பாடு பற்றி ஒரு தேசிய ஆய்வு செய்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் செலவிடுகிற நேரம் ஆண்களுடையதைவிடப் பல மடங்கு என்று அதில் வந்தது. ஆருக்கும் ஆச்சரியமில்லை. பண்டிகை மாதத்தை மட்டும் தனியாக எடுத்து அளந்தால் நிலைமை இன்னும் மோசமாகத்தான் இருக்கும் என்பது எங்கள் ஊகம்.

மறுபக்கம், “கடையில வாங்காதேங்கோ” என்கிற அந்த உபதேசம். மலையகத்தில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். தோட்டத்தில் தீபாவளி என்றால் முதலில் வருகிற கதை தீபாவளி முற்பணம். பெயர்தான் முற்பணம், அது கடன். பிறகு மாதம் மாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள். நாட்சம்பளம் 1,000 ரூபா என்பது சட்டப்படி வருவதற்கே 2021 வரைக்கும் போராட வேண்டியிருந்த மக்கள் அவர்கள். விடியக் காலமை மலை ஏறி, கொழுந்து நிறுத்துக் குடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பி வருகிற பெண், பிள்ளைகளுக்கு உடுப்பும் தங்கச்சி வீட்டுக்கு ஒரு பிஸ்கட் பெட்டியும் கடையில் வாங்கிக் குடுத்தால், அந்தப் பெட்டியில் அன்பு குறைவு என்று சொல்ல எவருக்கு உரிமை இருக்கு? கட்டுநாயக்கவில் ஆடைத்தொழிற்சாலையில் வேலை செய்கிற பிள்ளை வருசத்துக்குக் கிடைக்கிற நாலைந்து நாள் லீவில் பஸ்ஸில் நின்றுகொண்டே ஊருக்கு வருகிறாள், கையில் கடைப் பைகளோடு. அவள் வந்து இறங்கினதும் “இந்தக் காலத்துப் பெட்டையளுக்கு ஒரு அரியதரம் சுடத் தெரியாது” என்று சொல்கிறவர்களிடம் கேட்கிறோம்: அண்ணன்மாருக்குச் சுடத் தெரியுமா? அவர்களுக்குத் தெரியாதது ஏன் பண்பாட்டு அழிவு இல்லை?

நேரமும் இடமும் பொருளும் கையில் இருக்கிறவர்கள்தான் கையால் செய்து குடுக்க முடியும். அப்படிச் செய்து குடுக்கிறது நல்ல விசயம். அதை மற்றவர்களின் தலையில் ஒழுக்கமாகக் கட்டுவது நல்ல விசயம் இல்லை.

அதற்காகக் கடைப் பரிசுப்பொதிகளுக்கு நாங்கள் வக்காலத்து வாங்குகிறோம் என்று நினைக்க வேண்டாம். மினுங்கல் தாளுக்குள் நாலு பிஸ்கட் பக்கற்றும் ஒரு தேயிலைப் பக்கற்றும் வைத்துக்கட்டி, உள்ளே இருப்பதைவிடக் கூடின விலைக்கு விற்கிற அந்தக் கூடைகளில் எங்களுக்கு ஒரு மயக்கமும் இல்லை. விளம்பரங்களில் இப்போது இயந்திரத்தில் செய்த பலகாரத்துக்கும் ‘அம்மாவின் கைப்பக்குவம்’ என்று பேர் வைக்கிறார்கள். வீட்டில் அம்மாவின் கைக்குக் கூலி இல்லை, கடையில் அந்தக் கையின் பெயருக்கு மட்டும் விலை இருக்கு.

அப்ப என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். பலகாரத்தை நிறுத்தச் சொல்லவில்லை. வேலிக்கு மேலால் போகிற அந்தக் கோப்பை நிற்கக்கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதுகிறோம். இந்த நாட்டில் தைப்பொங்கல் புக்கை ஒரு வீட்டுக்கும், நோன்புக் கஞ்சி இன்னொரு வீட்டுக்கும், கொக்கிஸ் இந்தப் பக்கத்துக்கும் போய்வருகிற பழக்கத்துக்கு இருக்கிற பெறுமதி எங்களுக்குத் தெரியும். ஆனால் அது முழுவதையும் பெண்களின் முதுகில் ஏற்றிவிட்டு, அந்தப் பெண்கள் வேலைக்கும் படிப்புக்கும் வெளிநாட்டுக்கும் போகத் தொடங்கினதும் ‘பண்பாடு அழியுது’ என்று அழுவது நேர்மையில்லை. பாதிச் சனம் கற்றுக்கொள்ள மறுத்த ஒரு பழக்கம் அழியத்தான் செய்யும். அது நிற்க வேண்டும் என்றால் மற்றப் பாதியும் குசினிக்குள் வரவேண்டும்.

பொடியளுக்கு முதலில். ஒரு பலகாரத்தை, ஒன்றை மட்டும், ஊறப்போடுகிறதிலிருந்து தாச்சி கழுவுகிறது வரைக்கும் பழகுங்கள். நடுவில் வந்து முறுக்கு உரலைப் பிடித்து ஒரு படம் எடுத்துவிட்டுப் போவது கணக்கில் வராது. அம்மம்மா இருக்கிற வீடு என்றால் இன்னும் நல்லது. பாகுப் பதத்தை விரலில் தொட்டுப் பார்க்கிற அந்த அறிவு எந்த யூரியூப் வீடியோவிலும் சரியாக வராது. அவவைக் கதிரையில் இருத்திவிட்டு, அவ வாயால் சொல்ல நீங்கள் செய்யுங்கள். முதல் தடவை உதிரும். உதிர்ந்ததை வீட்டில் சாப்பிடலாம்.

அடுத்தது அந்தப் பட்டியல். ஆருக்கு எத்தனை, ஆர் வீட்டில் சாவு, ஆருக்குச் சீனி கூடாது என்று அம்மாவிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதினால்தான் அது எவ்வளவு பெரிய வேலை என்று வீட்டுக்குத் தெரியும். எழுதிவைத்தால் மற்றவர்களும் அதைத் தூக்கலாம். ஏழு வகை என்றால் மூன்று வகையாகக் குறைக்கலாம். மூன்று வகை வந்தது என்று முகம் சுழிக்கிற சொந்தம் இருந்தால், அவர்களுக்குப் பதில் சொல்கிற பொறுப்பை அம்மாவிடம் விடாமல் நீங்களே எடுங்கள்.

விற்கிற அக்காமாரிடம் வாங்குகிறபோது சொன்ன விலையைக் குடுங்கள். வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்கள் இருக்கிற நாட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு என்ன கூலி என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

பெண்பிள்ளைகளுக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றுதான் இருக்கு. சுடத் தெரிந்தால் பெருமைப்படுங்கள். தெரியாவிட்டால் வெட்கப்படத் தேவையில்லை. லீவில் வீட்டுக்குப் போனதும் உங்களை மட்டும் குசினிக்குள் கூப்பிட்டால், போகிறபோது அண்ணாவையும் தம்பியையும் கூப்பிட்டுக்கொண்டு போங்கள்.

வருசத்துக்கு இன்னும் நாள் கிடக்கு. “எங்கட வீட்டில எல்லாரும் சேர்ந்து செய்தது” என்று இந்த முறை பெட்டியை நீட்டுகிறபோது, வாங்குகிறவர் “ஆர் ஆர்?” என்று திருப்பிக் கேட்டால், சொல்வதற்கு உங்களிடம் எத்தனை பெயர் இருக்கும்?